ஒப்படைத்த துப்பாக்கிகளின் மேல் நடப்பது

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளியில் கலைப்பாடம் படிக்கும் உங்கள் மகள், கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் கிளர்ச்சிப் படையினர் ஒப்படைத்த துப்பாக்கிகளை உருக்கித் தரையாகப் பதித்திருக்கும் நினைவிடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார். அதைப் படித்த உங்களுக்கு மூன்று ஐயங்கள் எழுந்திருக்கின்றன. உருக்கிய பிறகு அந்த உலோகம் துப்பாக்கியாக இருந்தது என்பதற்கு என்ன சான்று. இத்தனை சாவுகளோடு தொடர்புள்ள ஒன்றை உயர்ந்த தூணாகவோ சிலையாகவோ நிறுத்தாமல் ஏன் காலடியில் போட்டார்கள். சிங்கப்பூரில் இப்படி ஒன்று அமைக்க முடியுமா. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது: கொல்வதற்காகச் செய்த பொருளைக் கலைப்பொருளாக மாற்றுவது மாண்டவர்களுக்குச் செய்யும் மரியாதையா, அல்லது நடந்ததை எல்லாரும் வசதியாக மறந்துபோக ஒரு வழியா? என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், உருக்குவதால் மட்டும் அது நினைவிடமாகிவிடாது. அந்த உலோகத்தை யாருடைய கைகள் வடித்தன, பார்க்க வருபவர் அதன் முன் எந்த நிலையில் நிற்க வைக்கப்படுகிறார் என்ற இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

நான் சிற்பங்களுக்கான உலோக வார்ப்பைப் பயின்றவன். வார்ப்புப் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, இப்போது பொது இடங்களில் இருக்கும் உலோகச் சிற்பங்களைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். ஆகவே உலை, அச்சு, துரு ஆகியவற்றைப் பற்றி உறுதியோடு பேச முடியும். போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இத்தகைய இடம் ஆறுதல் தருமா என்பதைப் பற்றி நான் சொல்வதை வெளியில் நின்று பார்ப்பவரின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளிலிருந்து தொடங்குகிறேன். கொலம்பிய அரசுக்கும் ஃபார்க் என்ற கிளர்ச்சி இயக்கத்துக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த போர், 2016 நவம்பரில் கையெழுத்தான உடன்பாட்டின் மூலம் முறைப்படி முடிவுக்கு வந்தது. ஒப்படைக்கப்படும் ஆயுதங்களைக் கொண்டு மூன்று நினைவுச்சின்னங்கள் செய்யவேண்டும், ஒன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் தலைமையகத்திலும், ஒன்று பேச்சுவார்த்தை நடந்த கியூபாவிலும், ஒன்று கொலம்பியாவிலும் அமையவேண்டும் என்று அந்த உடன்பாட்டிலேயே எழுதி வைத்தார்கள். இது பலர் கவனிக்காமல் விடும் செய்தி. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து ஒரு கலைஞருக்குத் தோன்றிய யோசனையாக இது பிறக்கவில்லை. ஆயுதத்தைக் கீழே வைப்பதற்கான நிபந்தனைகளில் ஒன்றாகவே நினைவுச்சின்னம் பேசி முடிக்கப்பட்டது. கொலம்பியாவுக்கான பணி டோரிஸ் சல்செடோ என்ற சிற்பியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1958இல் பொகோட்டாவில் பிறந்தவர். தம் நாட்டின் வன்முறையைப் பற்றியே வாழ்நாள் முழுதும் வேலை செய்தவர். கட்டடக் கலைஞர் கார்லோஸ் கிரனாடாவுடன் சேர்ந்து அவர் அமைத்த ‘ஃப்ராக்மென்டோஸ்’ 2018 டிசம்பரில் திறக்கப்பட்டது.

இனி உங்கள் முதல் ஐயத்துக்கு வருகிறேன். ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டது கொலம்பிய ராணுவமன்று, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் ஒப்புதலோடு அனுப்பப்பட்ட கண்காணிப்புக் குழு. போராளிகள் முகாம்களில் கூடினார்கள், துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகப் பதிவு செய்யப்பட்டன, பூட்டிய கொள்கலன்களில் வைக்கப்பட்டன. 2017 ஜூன் இறுதியில் தனிநபர் ஆயுதங்களின் ஒப்படைப்பு முடிந்தது, ஆகஸ்ட் நடுவில் கடைசிக் கொள்கலன்கள் முகாம்களிலிருந்து வெளியேறின. மொத்தம் 8,994 ஆயுதங்கள். தோட்டாக்களும் வெடிபொருள்களும் தனியே அழிக்கப்பட்டன, ஏனென்றால் அவற்றை உலைக்கு அருகில்கூடக் கொண்டுபோக முடியாது. பிறகு உருக்கிய உலோகம் 37 டன் என்றும், அதிலிருந்து வார்த்த தரைத்தகடுகள் 1,296 என்றும் அறிவித்தார்கள்.

இந்த மூன்று எண்களையும் நீங்களே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். 37 டன்னை 8,994ஆல் வகுத்தால் ஓர் ஆயுதத்துக்கு ஏறத்தாழ 4 கிலோ வருகிறது, ஏ.கே. வகைத் துப்பாக்கி ஒன்றின் எடையும் அந்த அளவுதான். 8,994ஐ 1,296ஆல் வகுத்தால் தகடு ஒன்றுக்கு ஏறத்தாழ 7 ஆயுதங்கள். கைத்துப்பாக்கிகள் எடை குறைந்தவை, எறிகணைக் குழல்கள் எடை மிகுந்தவை, மரமும் பிளாஸ்டிக்கும் உருக்குவதற்கு முன்பே கழிந்துவிடும் என்பதால் இந்தக் கணக்கு தோராயமானதுதான். ஆனாலும் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பது ஒரு பட்டறைக்காரனுக்கு முக்கியமான செய்தி.

அந்த எண்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். துப்பாக்கி ஒரே உலோகத்தால் ஆனதன்று. குழல் பெரும்பாலும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு, உடற்பகுதி சிலவற்றில் அழுத்திச் செய்த எஃகுத் தகடு, எம்-16 போன்றவற்றில் அலுமினியக் கலவை, உள்ளே வேறு வகை எஃகில் சுருள்வில்கள். இவை எல்லாம் 1,500 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் ஒன்றாகும்போது, அலுமினியம் போன்றவை பெரும்பாலும் ஆக்சைடாகிக் கசடோடு மேலே வந்துவிடும்; எஞ்சியது ஒரே திரவம். அதன் பிறகு எந்தத் தகட்டில் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்று உலகின் எந்த ஆய்வுக்கூடமும் சொல்ல முடியாது. சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில் பழைய நகைகளைக் கொடுத்து உருக்கிப் புதுச் சங்கிலி செய்தவர்களுக்கு இது தெரியும்: பாட்டியின் வளையல் அந்தச் சங்கிலிக்குள் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் அதை நிரூபிப்பது தங்கம் இல்லை, உருக்கும்போது அருகில் நின்றவரின் வாய்ச்சொல்தான். பொகோட்டாவின் தரைக்கும் சான்று உலோகத்தில் இல்லை. பதிவேட்டிலும், கொள்கலனின் பூட்டிலும், உலைக்கு முன் நின்றவர்களிலும் இருக்கிறது. இப்படிப்பட்ட எந்த நினைவிடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், ஆயுதத்தை யார் வாங்கினார்கள், யார் எண்ணினார்கள், யார் பார்த்துக்கொண்டிருந்தபோது அழித்தார்கள் என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

உருக்காமல் செய்யும் முறையும் உண்டு. மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. 1995இல் ஆங்கிலிக்கன் ஆயர் டினிஸ் செங்குலானே, மக்கள் மறைத்து வைத்திருந்த ஆயுதங்களைக் கொடுத்துவிட்டுத் தையல் இயந்திரம், சைக்கிள், மண்வெட்டி போன்றவற்றைப் பெற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அப்படி வந்த துப்பாக்கிகளை வெட்டி, துண்டுகளைப் பற்றவைத்து மபூட்டோவின் கலைஞர்கள் சிற்பங்கள் செய்தார்கள். கெஸ்டர் என்று அறியப்படும் கிறிஸ்டோவாவோ கன்யவாட்டோ 2001இல் செய்த ‘ஆயுத அரியணை’ இப்போது லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த நாற்காலியில் எந்தப் பகுதி எந்தத் துப்பாக்கி என்று இன்றும் விரல் வைத்துக் காட்ட முடியும். அவை ஆப்பிரிக்காவுக்கு வெளியே செய்யப்பட்டு அங்கே வந்து சேர்ந்தவை என்பதும் அதனாலேயே தெரிகிறது. முதுகுச் சாய்மானத்தில் இருக்கும் இரண்டு துப்பாக்கிப் பின்கட்டைகளில் உள்ள திருகாணித் துளைகளும் வடுக்களும் சேர்ந்து சிரிக்கும் முகங்களைப் போலத் தோன்றும். சிற்பி அவற்றைச் செதுக்கவில்லை, கண்டெடுத்தார். சான்று என்ற வகையில் இந்த முறை உருக்குவதைவிட வலிமையானது. ஆனால் இதில் ஓர் இடரும் இருக்கிறது. துப்பாக்கியின் வடிவம் மிகுந்த சிந்தனையோடு உருவாக்கப்பட்ட வடிவம், கண்ணை இழுக்கும் வடிவம். அதை அப்படியே வைத்தால், பார்ப்பவர் சற்று நேரம் அதன் அழகில் மயங்கி நிற்பார். சிறு பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். மொசாம்பிக்கின் கலைஞர்கள் அந்த இடரைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். சல்செடோ ஏற்க மறுத்தார்.

இங்குதான் உங்கள் இரண்டாவது ஐயத்துக்கான பதில் தொடங்குகிறது. நம் மரபில் நடுகல்லை நினைத்துப் பாருங்கள். போரில் வீழ்ந்தவனை வாளோடும் வில்லோடும் கல்லில் செதுக்கி நிமிர்த்தி நட்டு, பெயரும் சிறப்பும் பொறித்து, படையலிட்டு வணங்கினார்கள். அங்கே ஆயுதம் வீரனின் பெருமை. உலகெங்கும் வெற்றித் தூண்களும் குதிரை மேல் அமர்ந்த தளபதிகளும் அதே தர்க்கத்தில்தான் நிற்கின்றன. கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வெற்றித் தூண் செய்த நாடுகளும் இருக்கின்றன. எதிரியின் உலோகம் வென்றவனின் புகழாக மேலே ஏறுகிறது, பார்ப்பவர் கழுத்தை நிமிர்த்தி அண்ணாந்து நிற்கிறார். சல்செடோ தம் படைப்பை நினைவுச்சின்னம் என்று அழைக்க மறுத்து, அதற்கு எதிரானது என்றே சொல்லி வந்திருக்கிறார். கொலம்பியப் போரில் போற்றத்தக்க வெற்றி எதுவும் எவருக்கும் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. அப்படியானால் அந்த உலோகத்தை எங்கே வைப்பது? யாரும் அண்ணாந்து பார்க்காத ஓர் இடம்தான் உண்டு. தரை.

தரை அவருக்குப் புதிய யோசனையும் அன்று. 2007இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பெருமண்டபத்தில், 167 மீட்டர் நீளத்துக்குத் தரையில் ஒரு விரிசலை உண்டாக்கினார். காட்சி முடிந்ததும் அது பூசி அடைக்கப்பட்டது, ஆனால் வடு இன்றும் தெரிகிறது. 2016 அக்டோபரில் அமைதி உடன்பாட்டின் முதல் வடிவத்தை மக்கள் வாக்கெடுப்பில் மிகச் சிறிய வேறுபாட்டில் நிராகரித்தபோது, பொகோட்டாவின் பொலிவார் சதுக்கத்துத் தரையில், பலியானவர்களின் பெயர்களைச் சாம்பலால் எழுதிய வெள்ளைத் துணிகளைத் தன்னார்வலர்களோடு சேர்ந்து தைத்து விரித்தார். ஆகவே துப்பாக்கியைத் தரையாக்கியது விளம்பரத்துக்காக வந்த திடீர் உத்தி என்று எவரேனும் சொன்னால், அவருடைய முந்தைய வேலையை அவர்கள் பார்க்கவில்லை என்றுதான் நினைப்பேன்.

தரை என்பதால் பார்க்க வருபவருக்கு என்ன நேர்கிறது என்பதை இன்னும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். சிலைக்கு முன்னால் நிற்பவர் விலகி நிற்க முடியும், படம் எடுத்துக்கொண்டு நகர முடியும். தரையில் அது இயலாது. உள்ளே வந்த அந்தக் கணமே அவர் அதன் மேல் நிற்கிறார். ஒப்படைத்தவரும், பாதிக்கப்பட்டவரும், வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்தவரும், எங்கோ தொலைவிலிருந்து வந்த சுற்றுப்பயணியும் ஒரே மட்டத்தில் நிற்கிறார்கள். மிதிப்பதைப் பற்றி நம் சமூகத்துக்கு மிகக் கூர்மையான உணர்வு உண்டு. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு, காலடியில் போடுவது என்றால் அவமதிப்பது என்றுதான் முதலில் படும். உங்கள் ஐயமும் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் அங்கே காலடியில் கிடப்பது மாண்டவர்கள் இல்லை. மக்களை மண்டியிட வைத்த கருவி கிடக்கிறது, முன்பு அதற்குக் கீழே இருந்தவர்கள் இப்போது அதற்கு மேலே நடக்கிறார்கள்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது அந்தத் தகடுகளின் மேற்பரப்பு. அது சமதளமாக இல்லை. மேடும் பள்ளமும் மடிப்புமாக, அடிவாங்கிய தோற்றத்தோடு இருக்கிறது. அந்த வடிவத்தை உண்டாக்கியவர்கள், போரின்போது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள், 20 பேரளவில். மெல்லிய உலோகத் தகடுகளைச் சுத்தியலால் அடித்து அடித்து அவர்கள் உண்டாக்கிய பரப்பிலிருந்து அச்சு எடுத்து, அந்த அச்சில் துப்பாக்கியின் உலோகத்தை வார்த்தார்கள். வார்ப்புத் தொழிலில் இதன் பொருள் என்ன என்பதைச் சொல்கிறேன். உருகிய உலோகத்துக்குத் தனக்கென்று ஒரு வடிவம் கிடையாது. அச்சு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அது உறையும். நல்ல அச்சு மயிரிழைக் கீறலைக்கூட விடாமல் ஏந்திக்கொள்ளும். உலோகம் குளிரும்போது எஃகு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் சுருங்குமே தவிர, அடியின் தடம் அப்படியே நிற்கும். ஓங்கி அடித்த அடி, களைத்துப்போய் மெதுவாக விழுந்த அடி, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழுந்த அடி எல்லாம் பதிவாகும். கலைஞர் தம் கையால் ஒரு வடிவத்தைச் செதுக்கி அதைப் பெண்களுக்குக் காணிக்கையாக்கியிருந்தால், அது அவர்களைப் பற்றிய சிற்பமாக இருந்திருக்கும். இங்கே துப்பாக்கி என்ன வடிவம் எடுக்கவேண்டும் என்பதை அந்தப் பெண்களின் கை முடிவு செய்திருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே அந்த இடத்தை நான் நேர்மையானது என்று கருதுகிறேன். உங்கள் மகள் தம் கட்டுரையில் மற்ற எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்க வேண்டாம்.

கட்டடத்தைப் பற்றியும் ஓரிரு சொற்கள். அதிபர் மாளிகைக்குச் சில தெருக்கள் தள்ளி, இடிந்து கிடந்த காலனியக் கால வீடு ஒன்றின் சிதைந்த சுவர்களை அப்படியே விட்டு, அவற்றுக்கிடையே கண்ணாடியும் வெள்ளைச் சுவரும் கொண்டு எளிய கூடங்களைக் கட்டினார்கள். கூடங்களில் நிலையாக வைத்த பொருள் எதுவும் இல்லை. போர் நீடித்த காலத்துக்கு ஈடாக 53 ஆண்டுகளுக்கு, போரைப் பற்றிப் பிற கலைஞர்கள் செய்யும் படைப்புகள் அங்கே மாறி மாறி இடம்பெற வேண்டும் என்பது திட்டம். தரை மட்டும் மாறாது.

இனி நிச்சயமில்லாதவை. அந்தத் தரையில் இருப்பது ஒரு தரப்பின் ஆயுதங்கள் மட்டுமே. கொலம்பியப் போரில் அரசுப் படைகளும் வலதுசாரித் துணைப்படைகளும் பெருங்கொடுமைகள் செய்திருக்கின்றன. அவர்களுடைய துப்பாக்கிகள் அங்கே இல்லை. அடித்த பெண்கள் போரின் பலிகள் என்ற பொதுநிலையில் நின்று அடித்தார்கள், உலோகமோ ஓர் இயக்கத்தினுடையது. இந்த ஏற்றத்தாழ்வைச் சிலர் படைப்பின் குறை என்பார்கள். ஒப்படைத்தவர்கள் கொடுத்ததைத்தானே உருக்க முடியும் என்று வேறு சிலர் பதில் சொல்வார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் முதல் கூற்றை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தைப் புகழ்வது சரியாகாது என்பது என் கருத்து. இத்தகைய நினைவிடம் வன்முறையைக் குறைக்குமா என்பதும் அப்படித்தான். கொலம்பியாவில் உடன்பாட்டுக்குப் பிறகும் வேறு ஆயுதக் குழுக்களின் வன்முறை தொடர்ந்தது. ஃபார்க்கிலிருந்தே பிரிந்த சிலர் மீண்டும் ஆயுதம் ஏந்தினார்கள். தரை போட்டதால் ஒரு கொலையாவது தடுக்கப்பட்டது என்று எவரும் காட்ட முடியாது, காட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் கலைப்படைப்பின் மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுவதாகும்.

இன்னொரு இடர் காலம் தவறுவது. மாலி நாட்டின் திம்புக்டுவில் 1996 மார்ச் 27 அன்று, கிளர்ச்சியாளர்கள் ஒப்படைத்த சுமார் 3,000 ஆயுதங்களை மக்கள் கூடி நிற்கத் தீயிட்டு எரித்தார்கள். அந்த இடத்தில் எரிந்த ஆயுதங்களைப் பதித்த நினைவுச்சின்னமும் எழுந்தது. 2012இல் போர் அதே ஊருக்குத் திரும்பி வந்தது. நமக்கு அருகில் இலங்கையில், 1987 ஆகஸ்டில் பலாலியில் நடந்த ஆயுத ஒப்படைப்பு நிகழ்ச்சியை நம்மில் மூத்தவர்கள் பலர் செய்தித்தாளில் படித்திருப்பார்கள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ஒப்படைப்பு வேறு, போர் முடிவது வேறு. இதற்கு நேர்மாறாக, வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுத இயக்கம் தன் ஆயுதங்களை 2005இல் செயலிழக்கச் செய்தபோது, சுயேச்சையான ஆணையமும் இரண்டு சமய போதகர்களும் மட்டுமே பார்த்தார்கள், படங்கள் வெளியிடப்படவில்லை. தோற்றுப்போய்ச் சரணடைந்ததாகத் தோன்றக்கூடாது என்பது ஒப்படைத்தவர்களின் கவலை. அங்கே உருக்கி வார்க்க உலோகம் எதுவும் கலைஞர் கைக்கு வரவில்லை, ஆனால் அமைதி பெருமளவு நிலைத்தது. ஆகவே நினைவிடம் இல்லாமலும் அமைதி வரும், நினைவிடம் இருந்தும் போர் திரும்பும்.

உங்கள் மகளின் கட்டுரையில் ஒரு குழப்பம் வராமலிருக்க ஒன்று சொல்லவேண்டும். நியூயார்க்கின் ஐ.நா. வளாகத்தில் குழல் முடிச்சிட்ட பெரிய கைத்துப்பாக்கிச் சிற்பம் இருக்கிறது. சுவீடனின் கார்ல் ஃப்ரெட்ரிக் ராய்ட்டர்ஸ்வெர்ட் செய்தது, 1988இல் லக்சம்பர்க் அன்பளிப்பாகக் கொடுத்தது. அது துப்பாக்கியின் உருவம்தான், ஒப்படைத்த துப்பாக்கி அன்று. அதே வளாகத்தில் 1990இல் வைக்கப்பட்ட சுராப் செரெத்தேலியின் சிற்பத்தில், புனித ஜார்ஜின் ஈட்டிக்குக் கீழே கிடக்கும் அரக்கப் பாம்பின் உடல், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1987இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அழிக்கப்பட்ட சோவியத் எஸ்.எஸ்.-20, அமெரிக்கப் பெர்ஷிங் ஏவுகணைகளின் உண்மையான துண்டுகளால் ஆனது. முதலாவது சின்னம், இரண்டாவது சான்று. இங்கே பேசும் வகையில் இரண்டாவதுதான் சேரும். இங்கிலாந்தின் ‘கத்தித் தேவதை’யும் அதில் சேரும்: காவல்துறையின் ஒப்படைப்புப் பெட்டிகளில் சேர்ந்த ஏறத்தாழ 1,00,000 கத்திகளால் ஆல்ஃபி பிராட்லி செய்தது, குடும்பத்தினர் தாங்கள் இழந்தவர்களின் பெயர்களைப் பொறித்த கத்திகள் அதன் இறகுகளில் இருக்கின்றன.

மூன்றாவது ஐயம் சிங்கப்பூரைப் பற்றியது. அந்த வடிவத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பதே என் பதில். பொதுமக்கள் கையில் ஆயுதம் இல்லாத ஊர் இது. சட்டம் அவ்வளவு கடுமையானது. ஒப்படைக்கப்பட்ட உலோகம் இல்லாமல் அந்தப் படைப்பின் தோற்றத்தை மட்டும் கடன் வாங்கினால், அது வெறும் மேடுபள்ளமான தரையாகத்தான் இருக்கும். தொழில்முறையில் ஒரு தடையும் உண்டு. நம் ஊரின் ஈரப்பதத்திலும் கடற்காற்றிலும் மூடப்படாத வார்ப்பிரும்போ எஃகோ சில வாரங்களில் துருப்பிடிக்கும், மழைநீர் அந்தத் துருவைச் சுற்றியுள்ள கல்லின் மேல் இழுத்துச் செல்லும். 2,600 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த ஊரில், கூரைக்குக் கீழே இருக்கும் தரையின் பராமரிப்போடு இதை ஒப்பிடவே முடியாது.

ஆனால் அந்தப் படைப்பு எழுப்பும் கேள்விகளை இங்கே கேட்கலாம். பீச் ரோட்டில் 1967 பிப்ரவரி 15 அன்று திறக்கப்பட்ட, பொதுமக்களுக்கான போர் நினைவுச்சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்த நான்கு தூண்கள் அண்ணாந்து பார்க்க வைக்கின்றன, ஆனால் அதன் உள்ளடக்கம் மேலே இல்லை. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் கொல்லப்பட்டு, 1960களில் சிக்லாப் முதலிய இடங்களில் தோண்டி எடுக்கப்பட்டவர்களின் எச்சங்கள், 600க்கும் மேற்பட்ட தாழிகளில் மேடையின் அடியில் இருக்கின்றன. பொகோட்டாவில் காலடியில் இருப்பது கொன்ற உலோகம். இங்கே இருப்பவர்கள் கொல்லப்பட்டவர்கள். அதனால்தான் அங்கே அழுத்தி நடப்பதற்கும் இங்கே தயங்கி நடப்பதற்கும் இரண்டுக்குமே காரணம் இருக்கிறது. எஸ்பிளனேடில், இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னம் 1945இல் எழுந்து, சில வாரங்களிலேயே திரும்பி வந்த பிரிட்டிஷாரால் இடிக்கப்பட்டது. 1995இல் தேசிய மரபுடைமைக் கழகம் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைத்தது. அந்தப் படையில் மலாயா, சிங்கப்பூர்த் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்திருந்தார்கள் என்பதால், நினைவுச்சின்னத்தை அழிக்கும் உரிமை யாருடையது என்ற கேள்வி நம் குடும்பங்களுக்கும் உரியது. 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியப் படைகளின் சரணாகதி கையெழுத்தான நகர மண்டப அறையோ, இப்போது தேசியக் கலைக்கூடத்துக்குள் இருக்கிறது. தோற்ற படை ஆயுதத்தைக் கீழே வைத்த கட்டடம் கலைக்கூடமாகியிருக்கிறது என்பதை, அங்கே ஓவியம் பார்க்கப் போகிறவர்களில் சிலராவது நினைத்துப் பார்க்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

நமக்கு மிக அருகில் நடந்த ஆயுத ஒப்படைப்பு ஒன்றில் சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு. இந்தோனீசியாவின் ஆச்சேயில் 2005 ஆகஸ்ட் 15 அன்று உடன்பாடு கையெழுத்தான பிறகு, ஐரோப்பிய ஒன்றியமும் சிங்கப்பூர் உள்ளிட்ட ஐந்து ஆசியான் நாடுகளும் அனுப்பிய கண்காணிப்பாளர்களின் முன்னிலையில், அந்த ஆண்டு டிசம்பருக்குள் 840 ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு வெட்டித் துண்டாக்கப்பட்டன. நான் மேலே சொன்ன சான்றுச் சங்கிலி, அதாவது வாங்குவது, எண்ணுவது, சாட்சிகள் முன் அழிப்பது, அங்கே எப்படி நடந்தது என்பது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. உங்கள் மகளுக்குப் பொகோட்டா தொலைவில் இருப்பதாகத் தோன்றினால், ஆச்சேயை அதன் அருகில் வைத்து எழுதச் சொல்லுங்கள்: ஓரிடத்தில் உலோகம் பெண்களின் கைகளுக்குப் போனது, மற்ற இடத்தில் கண்காணிப்பாளர்களின் முன்னால் வெட்டப்பட்டதோடு அதன் வேலை முடிந்தது. எது போதுமானது என்ற முடிவை அவரே எழுதட்டும். ஆசிரியரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்.